மொட்டைமாடிக்கு மேலே போன பொருள் குறித்து

போன வருடம் ஆடி மாதம் எங்கள் கட்டடத்தில் ஒரு விசாரணை நடந்தது. வானத்தில் போன ஒரு பொருளைப் பற்றிய விசாரணை. நான் அதில் தொழில்நுட்ப உறுப்பினர். முப்பது வருடம் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவளுக்கு வானத்தைப் பற்றி என்ன தொழில்நுட்பம் தெரியும் என்று நானே கேட்டேன்.

"அந்த ஃபாரம் உங்களோடதுதானே மேடம்?" என்றார் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அதோடு பேச்சு முடிந்தது.

ஃபாரம் என்று அவர் சொன்ன கேள்வித்தாள் என்னுடையதுதான். ஓய்வு பெற்ற பிறகு மொழிபெயர்ப்பு செய்கிறேன். சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பறக்கும் தட்டுகளைப் பார்த்ததாக ஆயிரக்கணக்கான பேர் அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அரசாங்கம் ராணுவ அதிகாரிகளை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் விசாரித்தது. அந்தக் கோப்புகளிலிருந்து எடுத்த சில பகுதிகளைத் தமிழில் தரச் சொல்லி ஒரு சிறிய பதிப்பாளர் கேட்டிருந்தார். நான் நினைத்ததைவிட அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஏனென்றால் அது பத்திரிகை மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். கடிதம் வருகிறது. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, வெள்ளிக் கிரகம் எத்தனை மணிக்கு மறைந்தது, பக்கத்து ஊரில் யாராவது பலூன் விட்டார்களா என்று யாரோ ஒருவர் போன் போட்டுக் கேட்கிறார். கடைசியில் ஒரே ஒரு சொல் எழுதப்படுகிறது. வெள்ளி. விமானம். பலூன். பறவைகள். தேடுவிளக்கு. எதுவும் சரியாக வராவிட்டால் 'போதிய தகவல் இல்லை'. அதற்கும் பிறகு எஞ்சிய சின்னக் கட்டுக்குத்தான் 'அடையாளம் காணப்படவில்லை' என்ற பெயர். ஒரே பொருளை முதலில் வெள்ளி என்றும், சில வருடம் கழித்து பலூன் என்றும் முடிவு செய்திருந்தார்கள். முதல் தாளை யாரும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

பார்த்தவர்களுக்கு அவர்கள் ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்பினார்கள். அதில் ஒரு கேள்வி பொருளின் அளவைப் பற்றியது. கையை நீட்டிப் பிடித்தால் எதன் அளவுக்கு இருந்தது? குண்டூசித் தலையா, பட்டாணியா, இன்ன நாணயமா என்று பட்டியல் போகும். அமெரிக்க நாணயத்தின் அளவு தமிழ் வாசகருக்கு எப்படித் தெரியும்? நான் மாற்றினேன். கடுகு, மிளகு, கொண்டைக்கடலை, எலுமிச்சை, சாத்துக்குடி, தேங்காய்.

என் பிரின்டர் பழுதாகிக் கிடந்ததால் அந்த அத்தியாயத்தைச் செயலாளர் வீட்டுக்கு அனுப்பி அச்செடுத்துத் தரச் சொன்னேன். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர்தான் அச்செடுத்துத் தருவார். அச்செடுப்பதை எல்லாம் படிப்பார். படிக்காமல் அச்செடுப்பது பொறுப்பற்ற செயல் என்பது அவர் கட்சி.

செயலாளர் மாநில அரசுத் துறை ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பத்து வருடம் மற்ற ஊழியர்கள் மீது துறை விசாரணை நடத்துவதே அவர் வேலை. நம் ஊர் அரசு ஊழியர்களிடம் 'பதினேழு பி' என்று சொன்னால் போதும், முகம் மாறும். பெரிய தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக்கு அந்த விதியின்கீழ்தான் குறிப்பாணை கொடுப்பார்கள். அவர் எத்தனையோ பேருக்குப் பதினேழு பி கொடுத்திருக்கிறார். ஒன்றுகூட நீதிமன்றத்தில் நிற்காமல் போனதில்லை என்பது அவருடைய பெருமை. ஓய்வுக்குப் பிறகு விசாரிக்க ஆள் இல்லாமல் இருந்தார்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை காலை அவருக்கு ஆள் கிடைத்தது.

எங்கள் கட்டடம் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எட்டு வீடுகள். காவலாளி கிடையாது. காலையில் ஒரு அம்மா வந்து மோட்டார் போடுவார், மாடியிலிருந்து கீழே வரை பெருக்குவார், குப்பையை எடுத்துப் போவார். முன்பு இங்கிருந்து ஐந்து நிமிட தூரத்தில் கால்வாய் ஓரத்தில் குடியிருந்தவர். அங்கிருந்த வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இப்போது முதல் பஸ் பிடித்து வருகிறார். எங்கள் கட்டடம் ஒன்று, எதிர்வீடு ஒன்று, இரண்டு இடத்தில்தான் வேலை.

அன்று வழக்கம்போல் ஐந்தரைக்கு மோட்டார் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் பெருக்கப் போயிருக்கிறார். தொட்டி நிறைய இருபது நிமிடம் ஆகும். நிறையும் நேரத்துக்குக் கீழே வந்து சுவிட்சை அணைப்பார். அன்று வரவில்லை. தொட்டி வழிந்து மாடியில் தேங்கியது. வடிகால் ஓட்டையை வேப்பிலை அடைத்திருந்தது. தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி, மூன்று மாடியும் கடந்து, பாதி லிஃப்ட் குழிக்குள்ளும் பாதி தரைத்தள மாமியின் பூஜை அறைக்குள்ளும் போனது. லிஃப்ட் நின்றுவிட்டது. முதல் நாள்தான் லாரியில் வந்த தண்ணீர். ஆடி மாதத்தில் மயிலாப்பூரில் லாரித் தண்ணீரைக் கொட்டுவதைவிடப் பெரிய பாவம் இல்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"வானத்துல ஒண்ணு போய்க்கினு இருந்துச்சு சார், பாத்துகினு நின்னுட்டேன்."

சாயங்காலமே குறிப்பாணை தயாராகிவிட்டது. 'கடமையில் கவனக்குறைவாக இருந்து பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக' என்று தொடங்கும் ஒரு முழுப் பக்கம். விசாரணை முடியும்வரை அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டிருந்தார். ஆனால் பெருக்க வேறு ஆள் இல்லாததால், பணிநீக்கக் காலத்தில் தினமும் வந்து பெருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றும் இருந்தது.

"தலைமையிடம்னா எது சார்? இந்தக் கட்டடமா, பெரும்பாக்கமா?" என்று கேட்டேன்.

செயலாளர் யோசித்தார். "நல்ல பாயிண்ட்" என்று பேனாவால் ஓரத்தில் குறித்துக்கொண்டார். கடைசிவரை அதற்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா தினமும் தலைமையிடத்திலிருந்து தலைமையிடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார்.

செயலாளர் நியாயமான மனிதர். அதை நான் மறுக்க மாட்டேன். குற்றச்சாட்டு முழுவதும் ஒரு கேள்வியில் நிற்கிறது என்று அவரே விளக்கினார். வானத்தில் போனது யாருக்கும் தெரிந்த சாதாரணப் பொருளாக இருந்தால், அதைப் பார்த்துக்கொண்டு வேலையை விட்டது குற்றம். வேலை போகும். யாராலும் அடையாளம் காண முடியாத பொருளாக இருந்தால், எந்த மனிதரும் நின்று பார்க்கத்தான் செய்வார். வேலை இருக்கும். எனவே பொருள் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு என் அத்தியாயத்தில் இருந்த கேள்வித்தாள் தயாராக இருந்தது. செயலாளர், பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில் தரைத்தள மாமி, தொழில்நுட்ப உறுப்பினராக நான். மூன்று பேர் குழு.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் முதல் அமர்வு. லிஃப்ட் இல்லாததால் மாமி ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு தட்டில் கடுகு, மிளகு, கொண்டைக்கடலை, எலுமிச்சை, சாத்துக்குடி, தேங்காய்.

"தேங்காயை ஜாக்கிரதையாப் பிடிக்கச் சொல்லுங்கோ. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வெச்சிண்டிருக்கேன்" என்றாள்.

செயலாளர் முதல் கேள்வியை வாசித்தார். "பொருள் எந்தத் திசையிலிருந்து வந்தது?"

"அங்க இருந்து சார்."

"திசையோட பேர் சொல்லணும்."

"தி.நகர் பக்கம்."

மேற்கு என்று எழுதினார். அடுத்து அளவு. அந்த அம்மா தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். யாரும் சொல்லித்தரவில்லை.

"மொதல்ல மொளகு சைஸு. அப்பால இந்தக் கடலை. அந்த மாடி வூட்டு டேங்க்கு கிட்ட வரசொல்ல எலுமிச்சம்பழம். நம்ம தலைக்கு மேல சாத்துக்குடி." தேங்காயையும் எடுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "இந்த அளவுக்கு வரல சார். வராதத வந்துச்சுன்னு சொல்லக் கூடாது."

"சத்தம்?"

"இல்ல."

"வாசனை?"

"வாசனையா? நான் இன்னா சார், அத்தப் பக்கத்துல போயி மோந்தா பாத்தேன்?"

"பொருள் உங்களைக் கவனித்ததா?" இந்தக் கேள்வி மூலத்தில் கிடையாது. செயலாளர் சேர்த்தது.

"என்னிய எவன் சார் கவனிக்கிறான். அது பாட்டுக்கு அது போய்க்கினு இருந்துச்சு. வெள்ளி கலரு. வெயிலு பட்டு ஒரு பக்கம் செவப்பா மின்னிச்சு. கீழ ஒரு வாலு தொங்கிச்சு."

"பார்த்தபோது உங்கள் மனநிலை?"

"நல்லா இருந்துச்சு சார்."

செயலாளர் நிமிர்ந்தார். "நல்லா இருந்ததா?"

"ஆமா. தொடப்பத்தக் கீழ வெச்சிட்டு மேல பாக்கற வேலை நமக்கு எப்ப கெடைக்குது? அந்தாண்ட சர்ச்சு கோபுரத்த தாண்டிப் போற வரைக்கும் பாத்தேன். கால்ல தண்ணி பட்டப்பதான் மோட்டார் நெனப்பே வந்துச்சு."

"இதை எழுத வேண்டாம்" என்றாள் மாமி. "அவளுக்கே பாதகமாப் போயிடும்."

நான் எழுதிக்கொண்டேன். 'வால்' என்ற சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டேன். வால் தொங்குகிற பொருள் எங்கோ யாராலோ கட்டிவைக்கப்பட்டிருந்த பொருள். ஆனால் கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் சொல்கிற பழக்கமும் இல்லை.

அன்று மதியம் கேள்வித்தாளின் பிரதிகள் எட்டு வீடுகளுக்கும் போயின. சாட்சிகள் இருந்தால் விவரம் எழுதித் தரலாம் என்று மேலே ஒரு வரி. நான் ஒருவரும் எழுத மாட்டார்கள் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எட்டும் திரும்பி வந்துவிட்டன. ஏழு வீட்டில் பொருளைப் பார்த்திருந்தார்கள்.

இரண்டாம் மாடியில் கணினிக் கம்பெனியில் வேலை செய்கிற பையன் என்று எல்லோரும் சொல்கிற, நாற்பதைத் தாண்டிய மனிதர், பொருள் செங்கோணத்தில் திரும்பியதாக எழுதி, வரைபடமும் போட்டிருந்தார். கண் மருத்துவர் தான் பார்த்ததைத் தேங்காய் அளவு என்று குறித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பெருக்குகிற அம்மா பார்த்தது கண்புரையாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். மூன்றாம் மாடியில் இருப்பவர் அந்த வாரம் முழுவதும் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். அவர் பார்த்ததை அவர் மனைவி எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்கியிருந்தாள். மாமி தன் சமையலறை ஜன்னல் வழியாக, வெள்ளித் தாம்பாளம் போல ஜொலித்ததைப் பார்த்திருந்தாள். அந்த ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருக்கிறது. செயலாளரும் பால்கனியில் பிராணாயாமம் செய்துகொண்டிருந்தபோது, ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பார்த்திருந்தார்.

நான் மட்டும் 'பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்தேன். செயலாளர் போன் செய்தார்.

"மேடம், தொழில்நுட்ப உறுப்பினரே பார்க்கலைன்னா எப்படி?"

"தூங்கிட்டேன் சார்."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பாதித் தூக்கத்துல பார்த்திருக்கலாம்."

இவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. அமெரிக்கக் கோப்புகளிலும் இதைப் பார்த்தேன். ஒரு ஊரில் ஒருவர் பார்த்ததாகச் செய்தி வந்தால், மறுநாளே பத்துப் பேருக்கு நினைவுக்கு வரும். கேள்வித்தாள் கையில் வந்ததும், பார்க்காமல் விட்டோம் என்று எழுத மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பெருக்கி முடித்துவிட்டு அந்த அம்மா என் வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். டீ கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேப்பர்ல இன்னாம்மா எழுதப் போற?"

"இன்னும் முடிவு பண்ணலை."

"தெரிஞ்ச சாமான்னு எழுதினா என்னிய நிறுத்திடுவாரு செகரெட்ரி. தெரியாத சாமான்னு எழுதினா?"

"வேலை இருக்கும்."

"இங்க இருக்கும். எதுர் வூட்ல பூடும்."

எதிர்வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு நாற்பது நாள். இந்த அம்மா அங்கே பாத்திரம் துலக்குவதோடு, அந்தப் பெண் சாப்பிடும் நேரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். எங்கள் விசாரணைச் செய்தி தெருவைத் தாண்டிப் போய்விட்டது. வானத்தில் எதையோ பார்த்துவிட்டு மரம் மாதிரி நின்றாள், காலில் தண்ணீர் ஓடுவதுகூடத் தெரியவில்லையாம் என்று. அதுவும் ஆடி மாதம். மூன்று நாளாக அவரைக் குழந்தை இருக்கும் அறைக்குள் விடுவதில்லை. பாத்திரத்தைப் பின்பக்கம் வைத்துவிடுகிறார்கள். மாதக் கடைசியோடு போதும் என்று சாடையாகச் சொல்லியும் விட்டார்கள். பெரும்பாக்கத்தில் மாமியார் தர்காவுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்ட வேண்டும் என்று நிற்கிறாள்.

"என்னிய எந்தக் காத்து கருப்பும் புடிக்கலம்மா. நல்லாத்தான் கீறேன். ரெண்டு வூடும் இருந்தாத்தான் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றது கட்டும். ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் போன மாதிரிதான்." டீயை ஒரே மூச்சில் குடித்தார். "அது இன்னான்னு நீ கண்டுபுடி. நெசமா இன்னாவோ அத்த எழுது. செகரெட்ரிய நான் பாத்துக்கறேன்."

முப்பது வருடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் செய்தியை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உள்ளதை எழுது, எனக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை என்று யாரும் கேட்டதில்லை.

ஆடியில் காலைக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். தி.நகர் பக்கமிருந்து வந்தது எங்கள் மாடிக்கு மேல் சாத்துக்குடி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது என்றால், அது நன்றாகத் தாழ்ந்துவிட்டிருக்க வேண்டும். சாந்தோம் சர்ச் கோபுரத்தைத் தாண்டினால் அப்புறம் தரை இல்லை, கடல்தான். மறுநாள் காலை பட்டினப்பாக்கத்துக்கு நடந்தேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. சாலையோரம் மீன் கடைகள் வரிசையில் மூன்றாவது கடைக்கு வெயில் மறைக்க வெள்ளி நிறத்தில் ஒரு விரிப்பு கட்டியிருந்தது. மற்ற கடைகளில் நீலத் தார்பாய். வெள்ளி விரிப்பில் சிவப்பு எழுத்தில் 'ஆடி' என்று முழுதாகவும், 'தள்ளு' என்று பாதியாகவும் தெரிந்தது. கடையின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தை வெட்டி மூங்கிலில் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"இன்னா மீனு வோணும்?" என்றாள் கடைக்காரம்மா.

"மேலே கட்டியிருக்கிறது என்ன?"

"வஞ்சரம் கீது, சங்கரா கீது, நெத்திலி கீது. மேல கீறது விக்கிறதுக்கு இல்ல."

சங்கரா அரைக் கிலோ எடைபோடச் சொன்னேன். கத்தி ஓட ஓட அவளாகவே சொன்னாள். வியாழக்கிழமை காலையில் அது கடலில் வந்து 'குந்திச்சு'. அவள் வீட்டுக்காரர் விமானம் ஒடிந்து விழுந்துவிட்டது என்று படகை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆள் யாராவது மிதக்கிறார்களா என்று சுற்றிவந்து தேடினாராம்.

"கிட்ட போயி பாத்தா ஆடித் தள்ளுபடி. ஜட்டி பனியன்கூட இல்ல உள்ள. வெறுங்காத்து."

"யாராவது தேடிக்கிட்டு வந்தாங்களா?"

"எவன் வருவான்? கடைக்காரன் வந்தான்னா, காத்த வோணா திருப்பித் தரேன்னு சொல்லு."

கயிறும் இருந்தது. ஐஸ் பெட்டியைக் கட்ட உபயோகித்திருந்தாள். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து ஆட்டோவில் தி.நகர் போனேன். ஜவுளிக்கடைகள் நிறைந்த தெருவில் ஒரு கடையின் உச்சியில், அதே வெள்ளியும் சிவப்புமாக ஒரு பெரிய உருண்டை பலூன் ஆடிக்கொண்டிருந்தது. கடை வாசலில் டை கட்டி நின்றவரிடம், போன வாரம் ஒரு பலூன் அறுந்து போனதா என்று கேட்டேன்.

"எந்த பலூன் மேடம்? அதோ மேல இருக்கே."

"அது புதுசா?"

"பலூன் எல்லாமே புதுசுதான் மேடம். உள்ள வாங்க, மூணாவது மாடியில சேலை."

கையில் மீன் பை இருந்ததால் அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு இறுதி அமர்வு நடந்தது. எட்டு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். பெருக்குகிற அம்மா தூண் அருகே நின்றார். செயலாளர் உட்காரச் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி தர வேண்டும் என்பது விதி. உட்கார்ந்தார்.

நான் என் அறிக்கையைப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். காற்றின் திசை, அளவு மாறிய விதம், வால், மீன் கடை, புகைப்படம். முடிவு: ஜவுளிக்கடை விளம்பர பலூன்.

மாமிதான் முதலில் சொன்னாள்.

"நான் பார்த்தது பலூன் இல்லை. பலூனைப் பார்த்தா எனக்குத் தெரியாதா? பேரனுக்கு எத்தனை வாங்கியிருக்கேன்."

"எல்லாக் கேஸ்லயும் கடைசியில பலூன்னுதான் மேடம் சொல்லுவாங்க" என்றார் கணினிக்காரர். "மூடி மறைக்கிறதுக்கு. உங்க சாப்டர்லயே வருதே."

"அதுல நிறைய நிஜமாவே பலூன்தான்னும் வருது" என்றேன்.

"செங்கோணத்துல திரும்பிச்சு மேடம். பலூன் திரும்பாது."

கோயம்புத்தூரில் இருந்தவர், தான் பார்த்ததற்கு வாலே கிடையாது என்றார். கண் மருத்துவர் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதில் தெரிவது துணி, வானத்தில் போனது கோளம், இரண்டும் ஒன்று என்பதற்குத் தொடர்ச்சியான ஆதாரம் இல்லை என்றார். செயலாளர் தலையாட்டினார். அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது.

குரல் வாக்கெடுப்பில் பலூன் தோற்றது. பொருள் அடையாளம் காணப்படாதது என்று செயலாளர் எழுதத் தொடங்கினார். அப்படி எழுதினால் எங்கள் கட்டடத்தில் அந்த அம்மாவின் வேலை பிழைக்கும். எதிர்வீட்டில் போகும்.

"சார், பலூன்னே எழுதுங்க" என்றார் அந்த அம்மா.

செயலாளர் பேனாவை நிறுத்தினார். "அம்மா, புரிஞ்சுதான் பேசறீங்களா? சாதாரண பலூன்னு எழுதினா குற்றச்சாட்டு நிரூபணம் ஆயிடும். பலூனை வேடிக்கை பார்த்துட்டு மோட்டாரை விட்டதா ஆகும்."

"ஆவட்டும் சார். பாத்துகினு நின்னது தப்புதான். ஆனா நான் மட்டுமா பாத்தேன்?" நாற்காலியில் இருந்து எழுந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இவரு பாத்துகிறாரு. டாக்டரு பாத்துகிறாரு. மாமி பாத்துகிறாங்கோ. அல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துகிறீங்கோ. அப்போ காத்தால ஆறு மணிக்கு அல்லாரும் முழிச்சிகினுதான இருந்தீங்கோ? படியில தண்ணி கொட்டிச்சே, தடதடன்னு. ஒருத்தராச்சும் எறங்கி வந்து சுச்ச அமுக்கிருக்கலாமே. நானாவது மாடில இருந்தேன். மாமி வூட்டு வாசல்ல தான் சுச்சே கீது."

சந்தில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. மாமி தன் வளையல்களைப் பார்த்தாள். கோயம்புத்தூர்க்காரர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் மனைவி முழங்கையால் இடித்தாள்.

செயலாளர் ஏழு கேள்வித்தாள்களையும் எடுத்து அடுக்கினார். நேரம் எழுதியிருந்த இடத்தை மட்டும் ஒவ்வொன்றிலும் விரலால் தொட்டுப் பார்த்தார். தன்னுடையது வந்ததும் விரல் நின்றது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. கேள்விக்குப் பதில் தேடுகிறார் என்று நினைத்தோம். அவர் அதைவிடப் பெரிய ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்.

"நான் சாட்சி" என்றார். "விசாரணை அதிகாரியே சாட்சி. சாட்சியா இருக்கறவன் விசாரிக்க முடியாது. ஆரம்பத்திலிருந்தே இந்த விசாரணை செல்லாது."

அவர் முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு வருடத்தில் அவர் நடத்திய விசாரணை ஒன்று செல்லாமல் போவது இதுதான் முதல் முறை. அவரே அதைக் கண்டுபிடித்ததில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன். உடனே நின்றபடியே உத்தரவைச் சொல்ல, நான் எழுதினேன். குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. தற்காலிகப் பணிநீக்கம் ரத்து. பணியாளர் வேலையில் தொடர்வார். பொருளைப் பொறுத்தவரை, போதிய தகவல் இல்லை. ஏழு பேரும் தங்கள் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கணினிக்காரர் வரைபடத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

எல்லோரும் எழுந்தபோது அந்த அம்மா மட்டும் நகரவில்லை.

"எனக்கு பலூன்னு ஒரு பேப்பர் வோணும் சார். எதுர் வூட்ல காட்டணும்."

"அது முடியாதும்மா. குழு முடிவு வேற மாதிரி."

"குழுவில ஒருத்தர் ஒத்துக்கலைன்னா என்ன செய்வாங்க சார்?" என்று நான் கேட்டேன்.

செயலாளருக்கு உயிர் வந்தது. "மாறுபட்ட கருத்து பதிவு பண்ணலாம். தாராளமா பண்ணலாம். சம்பந்தப்பட்டவர் கேட்டா நகல் கொடுத்தே ஆகணும்."

விசாரணையே செல்லாது என்றால் மாறுபட்ட கருத்து எப்படிச் செல்லும் என்று நான் கேட்கவில்லை. என் ஒன்றரைப் பக்கத்தை அவரே அச்செடுத்தார். வழக்கப்படி முழுதும் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் 'உண்மை நகல்' என்று எழுதி, சங்கத்தின் முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார். மீன் கடைப் படத்தை இணைப்பாகச் சேர்த்து அதிலும் ஒன்று குத்தினார். இப்படியாக அந்தப் பொருள் தெருவின் எங்கள் பக்கத்தில் இன்னதென்று தெரியாததாகவும், எதிர்ப்பக்கத்தில் பலூனாகவும் அதிகாரபூர்வமாக ஆனது.

மறுநாள் காலை எங்கள் கட்டடத்தைப் பெருக்கி முடித்துவிட்டு அவர் அந்தத் தாளோடு எதிர்வீட்டுக்குப் போனார். நான் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் அம்மா கேட்டுக்கு வந்து, தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். முத்திரையைப் பார்த்தாள். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"எந்தக் கடை?"

"பேரு கட்டாயிடுச்சும்மா."

"தள்ளுபடி எதுவரைக்கும்?"

"ஆடி முடியற வரைக்கும் இருக்கும். போறதுன்னா காத்தால போயிடு, கூட்டம் கம்மியா இருக்கும்."

அந்தப் பெண் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். தலைக்குக் கீழே கை சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, இட்லி ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடப் போனாள்.